ஏழாம் நம்பர், இது உங்க டப்பாவா?

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் நான் குடியிருந்த லைன் வீட்டில் தண்ணீர் மோட்டார் காலையில் அரை மணி நேரம்தான் ஓடும். ஆறிலிருந்து ஆறரை வரை. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். அந்த அரை மணி நேரம் ஒருவரும் எங்கேயும் தப்பி ஓட முடியாது என்பது வீட்டு ஓனரக்காவுக்கு நன்றாகத் தெரியும். மோட்டார் சுவிட்சைத் தட்டிவிட்டு, மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்து, போனை எட்டப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் செய்தி வாசிக்க ஆரம்பிப்பார். வாளியும் குடமுமாக வரிசையில் நிற்கிற நாங்கள் கேட்டே ஆக வேண்டும்.

கொலை, கொள்ளை, தேர்தல், சினிமா எதுவும் அவருக்கு வேண்டாம். கம்பெனிச் செய்திதான். எந்தக் கம்பெனி புதுப் போன் விட்டது, எது ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது, எந்த முதலாளி மேடையேறி என்ன அளந்தான். வாசித்து முடித்ததும் தீர்ப்பு வரும்.

"மடிக்கிற போனாம். ஏம்மா, அது என்ன கோரைப்பாயா, மடிச்சு மூலையில சாத்தி வெக்கிறதுக்கு?"

"டிரைவரே இல்லாத காரு விட்டிருக்கான். விடட்டும். ஒரு நாள் சாயந்திரம் பாகலூர் ரோட்டு நெரிசல்ல வரச் சொல்லு. அழுதுரும் அந்தக் காரு."

"எல்லாத்தையும் எழுதற கம்ப்யூட்டர் வந்துருச்சாம். நம்ம குழாய்ல எப்ப தண்ணி நிக்கும்னு கேட்டுச் சொல்லச் சொல்லு, அப்புறம் நம்பறேன்."

சிரிப்போம். ஆனால் அவர் சிரிக்க வைக்கப் பேசவில்லை என்பது ஒரு வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஒருநாள் கறுப்புச் சட்டை போட்ட வெளிநாட்டு முதலாளி ஒருவன் மேடையில் எதையோ தூக்கிக் காட்டுகிற வீடியோவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, அவன் கையை எங்களுக்குக் காட்டினார்.

"பாத்தியா? ஒரு கீறல் இருக்குதா, ஒரு தழும்பு இருக்குதா? இவன் செஞ்சிருக்க மாட்டான். செஞ்சவங்க எங்கியாவது இந்த மாதிரி வாளி புடிச்சிட்டு நிப்பாங்க."

எந்தச் செய்தியையும் அவர் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார். இதை யார் செய்தது? ஓசூரில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் வாசலிலேயே நிற்கும். லைனில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு கம்பெனி. மூன்றாம் நம்பரில் இரண்டு பெண்கள் நீலப் பஸ்ஸில் போன் கம்பெனிக்குப் போனார்கள். ஐந்தாம் நம்பரில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பியும் மனைவியும். அவன் இரும்பு வார்க்கிற இடத்தில். நான் அரூர்க்காரி, டிப்ளமோ முடித்து ஸ்கூட்டர் பேட்டரி செய்கிற கம்பெனியில். எங்கள் யார் பேரும் அக்காவின் வாயில் வந்ததே இல்லை. எல்லோரும் நம்பர்தான். எனக்கு நம்பர் ஏழு.

அந்தக் கம்பெனிப் போனை வாங்குவதற்கு முன்னால் மூன்றாம் நம்பர் பெண்களில் ஒருத்தியைக் குழாயடியில் நிறுத்தி விசாரித்தார். நீ அதுல எதைச் செய்யறே? பின்பக்க மூடி மாட்டறேன்கா. கழண்டுக்குமா? கழண்டுக்காது, ஆனா கையில வழுக்கும்கா. அவ்வளவுதான். அன்றைக்கே போன் வாங்கி, கையோடு ஒரு ரப்பர் உறையும் வாங்கி வந்துவிட்டார். கடைக்காரன் உறையே தேவையில்லை என்று சத்தியம் செய்திருக்கிறான். "அவன் விக்கிறவன். அவனுக்கென்ன தெரியும்?" என்றார்.

வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் அவருக்குச் சந்தேகம் ஒன்றுதான், நம்பிக்கையும் ஒன்றுதான். விற்கிறவனை நம்பாதே, செய்தவரைக் கேள். எனக்கு இது முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. செய்கிறவர்களைப் பற்றி இவ்வளவு உயர்வாக நினைக்கிற ஒரு ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. செய்கிற எங்களுக்கே எங்களைப் பற்றி அப்படி ஒரு எண்ணம் கிடையாது.

இடது கையை எப்போதும் முந்தானைக்குள் வைத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் போர்வை பிழிய ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டபோதுதான் பார்த்தேன். நடுவிரலும் மோதிர விரலும் இல்லை. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"பிரஸ் மெஷின். உன் வயசுல," என்றார். "கை உள்ள இருந்தா மெஷின் நிக்கணும். நிறுத்தற ஒயரைக் கழட்டி விட்டிருந்தாங்க, வேலை வேகமா ஓடணும்னு. முந்தின ஷிப்டுல ஓட்டினவளுக்குத் தெரியும். எனக்கு அவ சொல்லல."

"கேட்டீங்களாக்கா அவங்கள?"

"கேட்டேன். 'நீ கேக்கலியே'ன்னா." போர்வையின் மறுமுனையை என்னிடம் கொடுத்தார். "அதான் இப்ப எல்லாத்தையும் கேட்டுடறேன். நல்லா முறுக்கு, தண்ணி நிக்குது பாரு."

இனி என் சங்கதிக்கு வருகிறேன். சொல்ல நாக்குக் கூசுகிறது, ஆனாலும் இதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை.

எங்கள் கம்பெனியில் பேட்டரிப் பெட்டிக்கு மூடி ஒட்டிய பிறகு, உள்ளே காற்றை அடைத்துக் கசிகிறதா என்று பார்க்கிற மெஷின் என் பொறுப்பு. பச்சை விளக்கு வந்தால் என் எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி அனுப்ப வேண்டும். சிவப்பு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். காற்று கசிகிற பெட்டிக்குள் மழைத் தண்ணீரும் போகும். தண்ணீர் போன பேட்டரி என்ன ஆகும் என்பதைப் பயிற்சியின் முதல் நாளே வீடியோ போட்டுக் காட்டியிருந்தார்கள்.

ஒட்டு வேலை முடிந்து சூடாக வருகிற பெட்டி, நல்லதாக இருந்தாலும் சில நேரம் சிவப்புக் காட்டும். ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் ஆறவிட்டால் பச்சை வந்துவிடும். இது உண்மை. இந்த உண்மைக்குள்தான் நாங்கள் பொய்யை ஒளித்து வைத்தோம். மாசக் கடைசியில் லாரி வாசலில் நிற்கும்போது எல்லாச் சிவப்பையும் ஃபேனுக்குக் கீழே வைத்தோம். மூன்று தடவை, நான்கு தடவை, ஏதோ ஒரு தடவை பச்சை எரிகிற வரைக்கும். "தூங்க வெச்சு எழுப்பறது" என்று அதற்குச் செல்லப் பேர் வேறு. எது சூட்டால் சிவந்தது, எது நிஜமாகவே ஓட்டை என்று எங்களுக்கே தெரியாது. சூப்பர்வைசர் "ஆறிடுச்சா, அனுப்பு" என்பார். நான் ஸ்டிக்கரை ஒட்டுவேன்.

ஒரு காலையில் அக்கா படியில் உட்கார்ந்து வாசித்தார். எங்கேயோ ஒரு ஊரில் மின்சார ஸ்கூட்டர் எரிந்த வீடியோ. வண்டியை வாங்கியவர் தப்பான சார்ஜரைப் போட்டார் என்று கம்பெனி அறிக்கை விட்டிருந்தது.

"எரிஞ்சா ஓட்டினவன் தப்பு. ஓடினா கம்பெனி பெருமை. நல்லா இருக்குது கதை," என்றார். பிறகு போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏழாம் நம்பர், இது உங்க டப்பாவா?"

"இல்லீங்கக்கா. அது வேற கம்பெனிது." அது உண்மை.

"உங்களுது எப்படி?"

"எங்களுது நல்லாத்தான் இருக்கும்கா."

வாளி நிறைந்துவிட்டது, தூக்கிக்கொண்டு போய்விட்டேன். ஒரு வாய் வார்த்தைதானே என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து வேலை விட்டு வந்தால், மாடிப்படிக்குக் கீழே மாலை போட்ட புது ஸ்கூட்டர் நிற்கிறது. மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிற மகளுக்கு வாங்கியிருக்கிறார். லைன் முழுக்கக் கேசரி கொடுத்தார்.

"பாப்பா வேற வண்டிதான் கேட்டா. நான்தான் ஏழாம் நம்பரோட டப்பா உள்ள இருக்கிற வண்டியா பாத்து வாங்குன்னேன்," என்றார்.

கேசரியை அப்படியே மூடி வைத்தேன். எல்லோரும் வீட்டுக்குள் போனதும் வண்டியைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி போய், சாவி வாங்கி, சீட்டைத் தூக்கினேன். பெட்டியின் மேலேயே ஸ்டிக்கர். மாசக் கடைசித் தேதி. அந்த மெஷினில் நாங்கள் நாலு பேர் மாறி மாறி நிற்போம். நாலு எண்ணில் அதில் இருந்தது என் எண்.

லைன் வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். எதிரெதிராக நாலு நாலு வீடு, நடுவில் ஒரு சந்து. வெளியே போக ஒரே வழி, அது மாடிப்படியை ஒட்டி. அந்தப் படிக்குக் கீழேதான் மோட்டார் சுவிட்சு, சிலிண்டர்கள், இப்போது சார்ஜ் ஏறுகிற ஸ்கூட்டர். மேலே தகரக் கூரை. மழை பெய்தால் ஓரமாக ஒழுகும். எட்டு வீட்டில் பத்தொன்பது பேர், இரண்டு கைக்குழந்தை. எத்தனை தடவை எண்ணினேன் என்று எனக்கே தெரியாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை அக்கா குழாயடியில் கேட்கவில்லை. என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்.

"கண்ணு, மழை ஒழுகுது. அங்கியே வெச்சு சார்ஜ் போடலாமா? பாப்பா பயப்படறா. நீ சொல்லிட்டீன்னா எனக்குப் போதும்."

அந்த ஒரு நிமிஷம் இன்னும் என் முன்னால் அப்படியே நிற்கிறது. உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப முன்னாடி ஏன் நல்லா இருக்கும்னே?" சொன்னது வெளியே போனால் என் வேலை போகும்; நான் அனுப்புகிற சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் காரணம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம் வெட்கம்.

"போடலாங்கக்கா. ஒண்ணும் ஆகாது."

"சாலு," என்றார் தெலுங்கில், போதும் என்று. அப்படியே சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "பயப்பட வேணாம், ஏழாம் நம்பரே சொல்லிடுச்சு!" என்று குரல் கொடுத்துக்கொண்டு போனார்.

அன்று முதல் நான் திருடியானேன். அக்காவின் மகள் ஆறு மணிக்கு வந்து சார்ஜர் மாட்டுவாள். ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் டிவி ஓட ஆரம்பித்ததும், துணி எடுக்க மாடிக்குப் போகிறவள் போலப் போய், ப்ளக்கைப் பிடுங்கி, மாட்டியிருக்கிற மாதிரியே தொங்கவிட்டு வருவேன். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன். ஒருநாள் மழைத் தண்ணீர் கூரையிலிருந்து நேராக வண்டியின் மிதியடியில் விழுந்து ஓடியது. என் துப்பட்டாவால் துடைத்தேன்.

மகளின் வண்டி இரண்டு தடவை பாதி வழியில் நின்றுவிட்டது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது, யாரோ பிடுங்குகிறார்கள்.

குழாயடியில் அன்று செய்தி வாசிக்கவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"யாரு?" என்றார்.

அவர் பார்வை ஐந்தாம் நம்பர் தம்பியின் மேல் போய் நின்றது. வண்டி சார்ஜ் ஆகும்போது தன் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று அவன் ஒரு மாதம் முன்பு சொல்லியிருந்தான். பாவம், அவன் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

"அக்கா, நான் இல்லை. சத்தியம்," என்றான்.

"காத்து வேணும்னா கேட்டு வாங்கு. என் பொண்ண ரோட்டுல நிறுத்தாத. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிக்கோ."

அவன் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது, ஆனால் 'காலி' என்ற வார்த்தை இங்கே வருகிற எல்லோருக்கும் முதலில் தெரிந்துவிடுகிற வார்த்தை. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். என் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"நான்தாங்கக்கா," என்றேன்.

"என்ன நீ?"

"நான்தான் புடுங்கினேன். தினமும்."

"ஏன்? உனக்கென்ன வந்துச்சு?"

"அந்தப் பெட்டி நான் பாத்து அனுப்பினதுங்கக்கா. சிவப்பு வந்துச்சா, பச்சை வந்துச்சான்னு எனக்குத் தெரியாது. சிவப்பு வந்தாலும் ஆறவெச்சு ஆறவெச்சுப் பச்சை ஆக்குவோம். உங்க வண்டியில என் நம்பர்தான் ஒட்டியிருக்குது. நல்லா இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எனக்குத் தெரியாது."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கன்னடத்தில் நன்றாகத் திட்டுவார், அதையாவது எதிர்பார்த்தேன். அவர் முந்தானைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து, படிக் கம்பியைப் பிடித்து எழுந்தார்.

"நான் கேட்டனே கண்ணு," என்றார். "நான் உன்னைக் கேட்டனே."

அதற்குப் பதில் அறைந்திருக்கலாம்.

ஐந்தாம் நம்பர் தம்பியிடம் போய், "தப்பு எம்மேல. நீ இரு," என்றார். அவனையே கூப்பிட்டு, இரண்டு பேருமாக தூறிக்கொண்டிருந்த மழையிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், எதிரே இருந்த காலி மனையில் தார்ப்பாய் போட்டு நிறுத்தினார்கள். நானும் ஒரு கை கொடுக்கப் போனேன். "நீ தண்ணியைப் புடி," என்று சொல்லிவிட்டார்.

மகள் வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுபோனாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சோதித்து எழுதியே கொடுத்தார்கள். அக்கா அந்தக் காகிதத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "அவங்க விக்கிறவங்க. செஞ்சவளே தெரியாதுன்னுட்டா," என்று சண்டை போட்டு, மூன்று தடவை அலைந்து, பெட்டியை மாற்றிக்கொண்டுதான் ஓய்ந்தார். பழைய பெட்டி நல்லதா கெட்டதா என்பது கடைசிவரை தெரியவே இல்லை.

நான் கம்பெனியில் இனிமேல் ஒரு தடவைக்கு மேல் ஆறவைக்க மாட்டேன் என்றேன். மறுவாரம் என்னை அட்டைப்பெட்டி மடிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். வேலை தேட ஆரம்பித்தேன்.

அதன்பிறகு அங்கே இருந்த ஏழு மாதமும் ஓனரக்கா குழாயடியில் செய்தி வாசித்தார், தீர்ப்புச் சொன்னார், எல்லோரையும் கேள்வி கேட்டார். என்னை மட்டும் கேட்கவில்லை. பேட்டரிச் செய்தி வந்தால் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். கோபமும் காட்டவில்லை. காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து வைத்தார். ஆனால் அந்தக் கேள்வி வரவில்லை. ஒரு கேள்வி கேட்கப்படாமல் போவது இவ்வளவு வலிக்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

கிருஷ்ணகிரிப் பக்கம் சார்ஜர் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. காலி செய்கிற அன்று சாவியைக் கொடுக்கப் போனேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"போற எடத்துல நல்லா செய்யறாங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் தெரியாதுங்கக்கா. பாத்துட்டுச் சொல்றேன்."

"கெட்டதா இருந்தாலும்?"

"இருந்தாலும் சொல்றேன்."

போனை எடுத்தார். "ஏழாம் நம்பருக்கு நாளைக்கு வேற ஆளு வந்துரும். உம் பேரு என்ன? போட்டுக்கறேன்." இரண்டு வருஷத்தில் அன்றுதான் என் பேரைக் கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் போட்டுக்கொண்டார். அவர் பேரை நானும் கேட்கவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. என் போனில் அவர் இன்றைக்கும் ஓனரக்காதான்.

போன மாதம் கம்பெனி கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பேரில் போன் அடித்தது. எங்கள் புதுச் சார்ஜரின் விளம்பரம் அன்று காலையில்தான் வெளியாகியிருந்தது. அதில் ஒரு இணைப்பு சீக்கிரம் சூடாகிறது என்று நான் எழுதிக் கொடுத்து மூன்று வாரமாகியிருந்தது, பதில் வரவில்லை. எழுதி யாரிடம் கொடுத்தேனோ அந்தச் சூப்பர்வைசர்தான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு சார்ஜர் வந்திருக்குதாமே," என்றார் அக்கா, நலம் விசாரிக்காமல். "பாப்பா வாங்கணும்ங்கறா. இது யாரு செஞ்சது?"

எழுந்து வெளியே போய்ப் பேசியிருக்கலாம். குரலையாவது தாழ்த்தியிருக்கலாம்.

"நாங்கதாங்கக்கா," என்றேன். "வாங்காதீங்க."

எதிரே இருந்தவரின் கை தட்டிலேயே நின்றது.